கூட்டு என்றால் கையொப்பம் யாருடையது?

கொச்சி–முசிறிஸ் கலை ஈராண்டு விழாவின் ஆறாம் பதிப்பு 2025 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. 2012இல் முதல் விழா நடந்தபோது கலைஞர், கலைக்கூடம், அரசு, வணிக நிறுவனம் ஆகிய நால்வரும் ஒரே மேடையில் கூடுவது கேரளத்துக்குப் புதுமை. இன்று அது வழக்கமாகிவிட்டது. வடிவமைப்பாளர் தறிக்காரரைத் தேடி ஊருக்கு வருகிறார். ஓவியர் வணிகப் பொருளின் உறைக்குப் படம் வரைகிறார். உல்லாச விடுதி பழங்குடியினரின் கைவேலையைச் சுவரில் மாட்டுகிறது. இவை யாவற்றுக்கும் ‘கூட்டு முயற்சி’ என்று ஒரே பெயர் சூட்டப்படுகிறது.

இந்தப் பெயரைக் கண்டு இடதுசாரி இயக்கம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. கலை செல்வரின் வரவேற்பறையில் அடைபடாமல் உடுக்கும் துணியிலும் பிடிக்கும் குடையிலும் கலப்பது நல்லதே. ஆனால் ஒவ்வொரு கூட்டு முயற்சியிலும் ஒரு கேள்வி எழுப்பப்பட வேண்டும்: ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவோர் யார்? கையால் உழைப்பவர் அதில் ஒரு தரப்பா, அல்லது செலவுக் கணக்கில் ஒரு வரி மட்டுமா?

விழாவின் முந்தைய பதிப்புகளுக்குத் தலைமை அரங்காக விளங்கிய ஆஸ்பின்வால் மாளிகை, 1867இல் ஓர் ஆங்கிலேய வணிகர் தொடங்கிய நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. மிளகும் இஞ்சியும் மஞ்சளும், பின்னர் காப்பியும் தேயிலையும் அந்நிறுவனத்தின் சரக்குகள். மலைத்தோட்டங்களில் அவற்றை விளைவித்தவர்கள் அக்கால வணிகத்தில் கூலிப் பத்தியில் மட்டுமே இடம்பெற்றனர். அந்தப் பண்டகசாலைச் சுவர்களில் இன்று கலை தொங்குகிறது. கணக்குப் புத்தகத்தின் பத்திகள் மாறியுள்ளனவா என்பதே பார்க்க வேண்டியது.

மூணாறு இதற்கு ஓர் உரைகல். கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்ணின் படம் தேயிலைப் பொட்டலத்திலும் நாட்காட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் இடம்பெறுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்தின் உரிமை அதை எடுத்தவருக்கு, அல்லது கூலி கொடுத்து எடுக்கச் செய்தவருக்கு உரியது. படத்தில் இருப்பவருக்கு அதில் பங்கில்லை. பச்சைச் சரிவைக் காட்டும் அந்தப் படங்கள் லயத்தைக் காட்டுவதுமில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டபோது 70 உயிர்கள் பலியாயின. அதற்குப் பிறகே அந்த வாழ்விடங்கள் நாட்டின் கண்ணில் பட்டன.

‘கூட்டு’ என்ற சொல்லையும் மூணாறு முன்பே அறியும். 2005இல் டாடா தேயிலை நிறுவனத்தின் தோட்டங்கள் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனமாக மாற்றப்பட்டபோது தொழிலாளர்கள் பங்குதாரர்கள் ஆக்கப்பட்டனர். பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், அதே பங்குதாரப் பெண்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டு மூணாறு சாலையில் ஒன்பது நாள் அமர்ந்தனர். போனஸ் கிடைத்தது. 500 ரூபாய் கேட்ட நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. பங்குப் பத்திரம் கையில் இருந்தும் முடிவெடுக்கும் இடத்தில் தங்களுக்கு இருக்கை இல்லை என்பதை அந்தப் போராட்டம் வெளிப்படுத்தியது. ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்ட அவர்கள், இடதுசாரிச் சங்கங்கள் உட்பட எல்லாத் தொழிற்சங்கத் தலைமைகளையும் விலக்கி வைத்ததை இயக்கம் மறந்துவிடலாகாது. தொழிலாளிக்காகப் பிறர் கையொப்பமிடும் வழக்கத்தின் மீதான தீர்ப்பு அது.

பாலக்காட்டு எல்லையை ஒட்டித் திருச்சூர் மாவட்டத்தில் இருக்கும் குத்தாம்புள்ளியின் நிலை வேறு வகையானது. தேவாங்க நெசவாளரின் அந்தக் கசவுச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஆயினும் விசைத்தறித் துணி அதே பெயரில் கடையேறுகிறது என்ற முறையீடு ஓயவில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டவரே குறியீட்டின் பாதுகாப்பை முழுமையாகக் கோர முடியும். வெளியிலிருந்து வரும் வடிவமைப்பாளருக்கோ 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் துணை நிற்கிறது. புதிய புட்டா ஒன்றைத் தம் பெயரில் பதிந்தால் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் அது அவருக்கே உரியது. தறியில் அமர்ந்து அந்தப் புட்டாவுக்கு உயிர் கொடுத்த நெசவாளி, மறுமுறை அதைத் தமக்காக நெய்தால் உரிமையை மீறியவர் ஆகக்கூடும். சட்டம் அறியாத தரப்புக்கும் வழக்கறிஞர் வைத்துள்ள தரப்புக்கும் இடையிலான கூட்டு சமமானதாக இருக்க இயலாது.

போராடினால் இந்நிலை மாறும் என்பதற்கு அண்மைச் சான்று கோலாப்பூர். 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரில் கோலாப்பூரிச் செருப்பை ஒத்த காலணிகளை, மூலத்தைக் குறிப்பிடாமல், மேடையேற்றியது. 2019இலேயே புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. கைவினைஞர்களின் கண்டனத்துக்குப் பிறகே நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் மகாராட்டிர, கர்நாடக மாநிலங்களின் தோல் தொழில் கழகங்களுடன் 2,000 இணைகளை இந்தியாவில் தயாரிக்க உடன்பட்டது. ஓர் இணையின் விலை ஏறத்தாழ 800 யூரோ. அதில் தலைமுறை தலைமுறையாகத் தோல் தைத்துவரும் தலித் குடும்பங்களுக்குச் சேரும் தொகை எவ்வளவு என்பதைக் கொண்டே அந்த உடன்பாடு மதிப்பிடப்படும்.

நல்ல முன்மாதிரிகளும் உண்டு. 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. பாத்திக் முதலான கைவினைப் பொருள்களைக் கலைஞர்களே செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினர். சங்கம் அவர்களுடையது, கணக்கும் அவர்களுடையது. ஆகவே வணிகம் அவர்களை ஆளவில்லை. அட்டப்பாடியில் பழங்குடிப் பெண்கள் செய்யும் ‘கார்த்தும்பி’ குடைகளைக் கேரளத் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் கொண்டுசேர்ப்பதில் அத்துறை ஊழியர்களின் அமைப்பான ‘பிரதித்வனி’ பங்காற்றியது. 2024 ஜூன் 30 அன்று பிரதமர் வானொலியில் அக்குடைகளைப் பாராட்டினார். பாராட்டு ஒருநாள் செய்தி. உழைப்பாளர் அமைப்பு ஒன்று வாங்குவோரைத் திரட்டித் தருவது ஆண்டுதோறும் அடுப்பெரிக்கும் வருவாய். 2017இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய கைத்தறிப் பள்ளிச் சீருடைத் திட்டமும் இவ்வகையே. ஆனால் நெய்தவருக்குக் கூலி உரிய நாளில் கிடைத்தால்தான் அத்தகைய திட்டம் தன் பெயருக்குத் தகும்.

எனவே எல்லைப்புறக் கிளைகளும் சங்கங்களும் சில கோரிக்கைகளை உறுதியாக முன்வைக்க வேண்டும். முதலாவது மொழி. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ் பேசும் உழைப்பாளரிடம் ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டிக் கையொப்பம் வாங்குவது ஏமாற்றுக்கு ஒப்பானது. தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, படித்துக்காட்டி, விளக்கிய பின்னரே எந்த உடன்பாடும் செல்ல வேண்டும். இரண்டாவது தரப்பு. தனி நெசவாளியோ தனிப் பெண்ணோ அல்ல, அவர்களின் கூட்டுறவுச் சங்கமே ஒப்பந்தத் தரப்பாக வேண்டும். மூன்றாவது உரிமை. கூடி உருவாக்கிய வடிவம் கூட்டாகவே பதிவாக வேண்டும். நான்காவது பங்கு. நாட்கூலியோடு, மறுவிற்பனைகளிலும் படப் பயன்பாட்டிலும் ஒரு விகிதம் உழைத்தவருக்குச் சேர வேண்டும். ஐந்தாவது பெயர். ஓவியரின் பெயர் சுவரில் இருக்குமெனில் நெய்தவரின் பெயரும் அங்கே இருக்க வேண்டும்.

இவற்றை ஏற்க மறுக்கும் நிறுவனம் தேடுவது கூட்டாளியை அன்று, மலிவான கையை. இவற்றைக் கேட்கத் தயங்கும் சங்கமும் 2015இன் பாடத்தைக் கற்கவில்லை என்றே பொருள். தறிக்குழியிலும் லயத்திலும் அட்டப்பாடி ஊர்களிலும் உள்ள தோழர்கள், அடுத்து வரும் ஒப்பந்தத் தாளை முதலில் தாங்களே வாங்கிப் படிக்கட்டும். அதில் உழைப்பவரின் கையொப்பத்துக்கு இடம் இல்லையேல், இடம் கேட்கும் போராட்டத்தை அங்கிருந்தே தொடங்கட்டும்.