ஆச்சியின் வெறுங்காதும் அழகு எந்திரமும்

ஏப்ரல் 14 நெருங்கினால் போதும், நம் தோழர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் அம்பேத்கர் படங்களால் நிரம்பிவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளாக அந்தப் படங்களில் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். கண்ணாடியும் புத்தகமுமாக நாம் அறிந்த அந்தக் கனத்த முகம் மெலிந்துவிட்டது. கன்னம் ஒட்டி, தாடை கூர்மையாகி, தோள் அகன்று, சினிமா நாயகனைப் போலப் புழுதிக்கு நடுவே நடந்து வருகிறார் பாபாசாகேப். பெரியாரின் தாடி பட்டு நூலாக மினுங்குகிறது. சாவித்திரிபாய் புலே நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணாகிவிட்டார். எல்லாம் ஏஐ செயலிகள் செய்து கொடுத்தவை. தோழர்கள் அன்போடுதான் செய்கிறார்கள், அன்போடுதான் பகிர்கிறார்கள். அந்த அன்பின்மீது எனக்குச் சந்தேகமில்லை. அந்த முகங்களை மாற்றியது எந்த அளவுகோல் என்பதே என் கேள்வி.

ரசனை பற்றிய சின்ன விஷயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு முகம் தெருமுனையில் நிற்பதையே பொறுக்காத சமூகம் இது. அந்த முகத்தை அங்கே நிறுத்துவதற்காக நம் மக்கள் அடியும் வழக்கும் வாங்கியிருக்கிறார்கள். அப்படி நிறுத்திய முகத்தை ஒரு பொத்தானைத் தட்டி வேறு முகமாக மாற்றிக்கொள்ளலாமா? இதை நமக்குள் பேசியாக வேண்டும்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் திருநெல்வேலித் தம்பி ஒருவரிடம் அவருடைய ஆச்சியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் வாக்காளர் அட்டையில் உள்ள படம். 1993இல் தேர்தல் ஆணையம் புகைப்பட அட்டையைக் கொண்டுவந்த பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து எடுத்தது. வாழ்நாளில் ஸ்டுடியோ வாசலை மிதிக்காத பெண்ணை, அவருடைய ஓட்டுதான் கேமரா முன்னால் உட்காரவைத்தது. முகத்தில் பாதி நிழல். காதுகள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. தோளைத் தொடும்படி வடித்த காதுகள், பாம்படம் இல்லாமல் வெறுமையாகத் தொங்குகின்றன. அந்தப் பாம்படத்தை அடகு வைத்துத்தான் மகனைக் கல்லூரியில் சேர்த்தார். கடைசிவரை அதைத் திருப்ப முடியவில்லை.

ஆச்சியின் நினைவு நாளுக்காகத் தம்பி அந்தப் படத்தை ஒரு செயலியில் ஏற்றித் தெளிவாக்கச் சொன்னார். சில நொடிகளில் படம் வந்தது. நிழல் போயிருந்தது. கூடவே நிறமும் போயிருந்தது. மூக்கு மெலிந்திருந்தது. வடித்த காதைக் கிழிசல் என்று எடுத்துக்கொண்டதோ என்னவோ, அதை ஒட்டிச் சின்னதாக்கி, ஒரு ஜிமிக்கியையும் மாட்டிவிட்டிருந்தது. "அண்ணே, ஆளு அழகாத்தான் இருக்காங்க. ஆனா இவங்க யாருன்னுதான் எனக்குத் தெரியல" என்றார் தம்பி.

ஒரு குடும்பத்தின் வரலாறு அந்த வெறுங்காதில் இருந்தது. அந்தப் பெண் எதைக் கொடுத்து எதை வாங்கினார் என்பதற்கு அந்த வீட்டில் வேறு ஆவணம் கிடையாது. அதைத்தான் எந்திரம் குறை என்று எண்ணிச் சரிசெய்தது.

ஏன் இப்படி நடக்கிறது? மங்கலான படத்தைத் தெளிவாக்கும் செயலி, உள்ளே ஒளிந்திருக்கும் எதையும் வெளியே எடுப்பதில்லை. படத்தில் பதிவாகாத தகவலை யாராலும் மீட்க முடியாது. தான் ஏற்கெனவே பார்த்த ஏராளமான முகங்களை வைத்து, இந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது, அவ்வளவுதான். 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய பல்ஸ் என்ற கருவிக்கு பராக் ஒபாமாவின் மங்கலான படம் கொடுக்கப்பட்டது. தெளிவாகி வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். அந்தக் கருவியின் அடியில் இருந்த நிரல் முகங்களைக் கற்றது, ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 படங்களில். யாரிடம் நல்ல கேமரா இருந்ததோ, யார் தங்கள் படங்களை இணையத்தில் ஏற்றினார்களோ, அவர்களுடைய முகமே அங்கே மனித முகத்தின் இலக்கணம். இன்றைய கருவிகள் அதைவிட மேம்பட்டவைதான். ஆனால் ஊகித்து நிரப்பும் வேலை மாறவில்லை. நாடாண்டவருக்கே அந்தக் கதி என்றால், வாக்காளர் அட்டையில் இருக்கும் ஆச்சி எந்த மூலைக்கு?

புதிதாகப் படம் உருவாக்கும் கருவிகளின் கதையும் இதுதான். 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன், லயான் 5பி என்ற தொகுப்பின் பகுதிகளில் பயிற்சி பெற்றது. இணையப் பக்கங்களிலிருந்து திரட்டிய 585 கோடி படங்களும் அவற்றின் விவரக் குறிப்புகளும் கொண்ட தொகுப்பு அது. பயிற்சியின் பிற்பகுதிக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்த விதம்தான் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு படத்துக்கும் அழகுக்கு இத்தனை மதிப்பெண் என்று ஒரு நிரல் போட்டது. யாரோ சிலர் சில படங்களுக்குப் போட்ட மதிப்பெண்ணைப் பார்த்து அந்த நிரல் அழகைக் கற்றிருந்தது. குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தவை கழித்துக்கட்டப்பட்டன. எது அழகு என்று மதிப்பெண் போட அழைக்கப்பட்டவர்களில் நம் ஆச்சிகள் இருந்திருப்பார்களா? 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி கூட எதிர்ப்புக்குப் பணிந்து 2020இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. எந்திரத்துக்குள் தடவியிருக்கும் சிவப்பழகு கிரீமுக்குப் பெயரே இல்லை. பெயரில்லாத ஒன்றை எதிர்த்து எப்படிக் கொடி பிடிப்பது?

நிறம் ஒரு பக்கம். படத்தோடு ஒட்டியிருக்கும் விவரக் குறிப்பு இன்னொரு பக்கம். அதில்தான் சாதி நேரடியாக உள்ளே வருகிறது.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் புகைப்படங்களும் உண்டு. படத்துக்குக் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. கேமரா முன் நிற்பவர் கந்தனோ காத்தாயியோ, அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு வகைக்கு மாதிரியாக ஓர் உடல் வேண்டும். படம் உருவாக்கும் எந்திரத்துக்கும் அதே பழக்கம்தான். நீங்கள் ஒரு வகையின் பெயரைச் சொல்கிறீர்கள், அது ஒரு மாதிரி உடலை எடுத்து நீட்டுகிறது.

அது நீட்டுகிற உடல் எப்படி இருக்கும்? 2025 அக்டோபரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதழ், ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஸோரா கருவியைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டது. தலித்தின் வேலை என்று கேட்டதற்கு, கருத்த மனிதர்கள் மலக்குழியிலும் குப்பைக்கு நடுவிலும் நின்றார்கள். பிராமணரின் வேலை என்று கேட்டதற்கு, வெள்ளை உடுத்திய சிவந்த மனிதர்கள் சடங்கு செய்தார்கள். தலித்தின் நடத்தை என்று கேட்டதற்கு வந்த சில படங்களில் மனிதரே இல்லை. நாயும் பூனையும் இருந்தன. மனுவின் சட்டத்தை அந்த எந்திரத்துக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்தச் சமூகம் எழுதிக் குவித்ததைப் படித்தாலே போதுமானதாக இருந்தது.

ஆக, நமக்கு இரண்டே முகங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதியைச் சொல்லிக் கேட்டால் மலக்குழி. தலைவரைச் சொல்லிக் கேட்டால் மேக்கப். வகுப்பு முடிந்து பேருந்துக்கு நிற்கும் தலித் ஆசிரியை, தொழிற்சங்கக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும் பொருளாளர், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்கும் தாத்தா — நாம் தினமும் பார்க்கும் இந்த முகங்கள் இரண்டுக்கும் நடுவே காணாமல் போகின்றன.

இதற்குத் தோழர்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். அவற்றில் நியாயமும் உண்டு. ஊர்முனையில் இருக்கும் சிலை மட்டும் அச்சு அசலாகப் பாபாசாகேப் மாதிரியா இருக்கிறது? கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கும் கடைக்காரர் நம் அப்பாவை வெளுப்பாக்கவில்லையா? ஓவியருக்குக் கொடுக்கக் காசில்லாத மாணவர் அமைப்பு என்ன செய்யும்?

சிலை எப்படி இருந்தாலும், அதைச் செய்த கை ஒன்று உண்டு, அதற்குப் பிரித்த வரிப்பணம் உண்டு. அது தன்னைப் புகைப்படம் என்று சொல்லிக்கொள்வதில்லை. பேனர் கடைக்காரரிடம், "எங்கப்பா இவ்வளவு சிவப்பில்ல, குறைங்க தம்பி" என்று பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடலாம். செயலியிடமும் திருத்தச் சொல்லலாம்தான். ஆனால் அசல் முகம் தெரிந்தவர்தான் திருத்தக் கேட்பார். ஆச்சியைப் பார்க்காத கொள்ளுப்பேத்திக்கு ஜிமிக்கி போட்ட அந்தப் பெண்தான் ஆச்சி. இருபது ஆண்டு கழித்துத் தேடுகிறவர்களுக்குச் சினிமா நாயகன்தான் அம்பேத்கர். காசில்லை என்பது உண்மையான பிரச்சினை. அதற்கு நாம் வழி கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன பேரணியில் காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டவர்களில் ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்று சொல்லி முடித்துவிடப் பார்த்தார்கள். அங்கே இருந்த கேமராக்களில் தடியடி பதிவாகியிருந்தது. அந்தக் காட்சிகள் இல்லையென்றால் நம்மிடம் மிஞ்சியிருப்பது அரசு எழுதிய கதை மட்டும்தான்.

இன்று வன்கொடுமைச் செய்தி வந்த உடனே, படம் கிடைக்கவில்லை என்று சிலர் ஏஐயில் ஒரு படத்தை உருவாக்கிப் போடுகிறார்கள். அழும் தாய், எரியும் குடிசை, மலக்குழியில் கிடக்கும் உடல். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். அடுத்த நாள் உண்மையான படம் ஒன்று வெளியாகும்போது, "இதுவும் ஏஐதானே" என்று சொல்ல ஆதிக்கச் சாதிக்காரருக்கு நாமே வாய்ப்புக் கொடுத்திருப்போம். வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமையிலேயே பாதிக்கப்பட்ட மக்கள்மீது பழி திரும்பியதைப் பார்த்தோம். நம்மை நம்ப மறுக்கும் சமூகத்தின் முன்னால், நம்மிடம் உள்ள சாட்சியத்தின் மதிப்பை நாமே குறைப்பது தற்கொலைக்குச் சமம். 2017இல் திவ்யபாரதி இயக்கி, பழனிக்குமார் ஒளிப்பதிவு செய்த 'கக்கூஸ்' ஆவணப்படம் நம்மை உலுக்கியது எதனால்? அதில் பேசியவர்கள் உயிரோடு இருக்கும் மனிதர்கள். கேமரா அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போனது.

கருவியைத் தூக்கி எறியச் சொல்ல நான் வரவில்லை. அச்சகமும் ரயிலும் நமக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் அவற்றைப் பயன்படுத்தித்தான் இந்த இயக்கம் வளர்ந்தது. எதற்குப் பயன்படுத்துவது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று நமக்குள் ஓர் ஒழுங்கு வேண்டும் என்கிறேன். சுவரொட்டிக்குப் பின்னணி வண்ணம், எழுத்து அமைப்பு, படத்தில் விழுந்த கீறலை நீக்குவது போன்றவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்துவோம். தலைவர்களின் முகத்தில் கைவைக்க வேண்டாம். இருக்கும் படங்கள் நமக்குப் போதும், மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும். வன்கொடுமையை எந்திரத்தை வைத்து வரையவே வேண்டாம். வேறு எதை உருவாக்கினாலும் இது ஏஐ படம் என்று படத்தின் மேலேயே எழுதுவோம். பழைய குடும்பப் படத்தைத் திருத்தினால் அசலையும் பக்கத்தில் வைத்தே பகிர்வோம். மாவட்டத்துக்கு ஒரு விழாவிலாவது பிளக்ஸ் செலவில் கொஞ்சம் குறைத்து, நம் தெருவில் வரையத் தெரிந்த பிள்ளைக்குக் கூலி கொடுப்போம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில், சாமி படத்துக்குப் பின்னால், பழைய ரேஷன் கார்டுக்குள் ஏராளமான படங்கள் பூச்சி அரித்துக்கொண்டிருக்கின்றன. சங்கக் கூட்டம், நடவு, கல்யாணம், ஊர்வலம், முதல் பட்டதாரியின் அங்கி. அடுத்த ஏப்ரல் 14க்குள் ஒவ்வொரு வாசிப்பு வட்டமும் தன் தெருவில் இருக்கும் படங்களை நல்ல ஸ்கேனரில் அப்படியே பதிவு செய்யட்டும். நிறம் கூட்ட வேண்டாம், கூர்மையாக்க வேண்டாம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். முதலில் பெயரை எழுதுங்கள். தர்ஸ்டன் எழுதாமல் விட்டது அதைத்தான்.