கஞ்சித் தண்ணீரும் ராஜ விசுவாசமும்

ஆரணி என்றதும் பட்டுச் சேலை ஞாபகத்துக்கு வரும். தறிச் சத்தம் கேட்கும் இந்த ஊர் பீரங்கிச் சத்தமும் கேட்ட ஊர். 1751 டிசம்பரில் இங்கே நடந்த சண்டையை ராபர்ட் கிளைவின் வெற்றி என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதுகின்றன. அந்தச் சண்டையில் நின்ற சாதாரணச் சிப்பாய் யார்? அவனுக்குக் கூலி யார் கொடுத்தார்? அவன் என்ன சாப்பிட்டான்? இதை உழைப்பாளி மக்களாகிய நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில் அது யார் வீட்டுச் சண்டை? ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு முகமது அலியும் சந்தா சாகிப்பும் போட்டியிட்டார்கள். ஒருவருக்குப் பின்னால் இங்கிலீஷ் கம்பெனி. இன்னொருவருக்குப் பின்னால் பிரெஞ்சுக் கம்பெனி. இரண்டும் நம் நெசவாளியின் துணியை வாங்கிக் கப்பலேற்ற வந்த வியாபாரக் கம்பெனிகள். பட்டம் நவாபுக்கு, லாபம் கம்பெனிக்கு. சாவு யாருக்கு?

கணக்கைப் பாருங்கள். ஆரணியில் கிளைவ் பக்கம் வெள்ளையர் 200 பேர், சிப்பாய்கள் 700 பேர், மராத்தியக் குதிரை வீரர் 600 பேர். எதிரே சந்தா சாகிப்பின் மகன் ரஜா சாகிப்பிடம் பிரெஞ்சுக்காரர் 300 பேர், சிப்பாய்கள் 2,500 பேர், குதிரை வீரர் 2,000 பேர். இரு பக்கமும் சேர்த்து வெள்ளையர் 500 பேர். இந்நாட்டவர் 5,800 பேர்! நெல் வயல் சேற்றில் நம்மவனை நம்மவனே சுட்டான். அந்த வயலில் நாற்று நட்டவர் யார், அவருடைய பயிர் என்ன ஆயிற்று என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

அந்தக் காலத்துச் சிப்பாயின் பிழைப்பு நமக்குப் புரியாத பிழைப்பல்ல. அரிசியைத் தன் சம்பளத்தில் பட்டாளத்துக் கடைத்தெருவில் அவனே வாங்க வேண்டும். சம்பளம் பாக்கி விழுந்தால் கடைக்காரனிடம் கடன். நடைப் பயணத்துக்குத் தனியாகப் படிக்காசு உண்டு; இன்று லாரி டிரைவர் வாங்கும் 'பேட்டா' அந்தப் பட்டாளத்துச் சொல்தான். நவாபுகளின் படையில் மாதக்கணக்கில் சம்பளம் நிற்பது வாடிக்கை. மில் கேட்டில் கூலிப் பாக்கி கேட்டு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

ஆரணிச் சண்டைக்குச் சற்று முன்புதான் ஆற்காட்டுக் கோட்டை 50 நாள் முற்றுகையில் கிடந்தது. கடைசித் தாக்குதலின்போது உள்ளே சண்டையிடத் தெம்போடு இருந்தவர்கள் வெள்ளையர் 80 பேர், சிப்பாய்கள் 120 பேர். அரிசி குறைந்தபோது, "சோறு துரைமார்களுக்கு இருக்கட்டும், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்ற பொருள்படச் சிப்பாய்களே முன்வந்து சொன்னார்களாம். 1840-இல் மெக்காலே எழுதிப் புகழ் பரப்பிய கதை இது. இதைச் சந்தேகிக்கும் சரித்திராசிரியர்களும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அதை ரசித்தவர்களின் மனசைப் பாருங்கள்! சோறு ஆண்டைக்கு, கஞ்சி பண்ணையாளுக்கு என்ற அதே நியாயம். பசித்தவன் பங்கைப் பறித்துவிட்டு அதற்கு 'விசுவாசம்' என்று பட்டம் சூட்டுகிறார்கள்.

அந்த விசுவாசத்தின் மர்மத்தை ஆரணி உடைத்துக் காட்டியது. சண்டையில் தோற்ற ரஜா சாகிப்பின் கஜானாப் பெட்டி, ஒரு லட்சம் ரூபாயோடு மராத்தியர் கையில் சிக்கியது. பெட்டி போனால் சம்பளம் ஏது? அவருடைய சிப்பாய்கள் பலர் கிளைவிடமே வேலை கேட்டு வந்தார்கள். நல்ல துப்பாக்கி வைத்திருந்த 600 பேரைக் கிளைவ் சேர்த்துக்கொண்டார். காலையில் எதிரி, சில நாளில் கூட்டாளி! அவர்களுக்கு முகமது அலியும் ஒன்றுதான், சந்தா சாகிப்பும் ஒன்றுதான். அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவே.

இதைத் துரோகம் என்று சொல்லுவோர் இன்னொன்றையும் கவனிக்கட்டும். ஆரணிக் கோட்டைத் தலைவரும் ரஜா சாகிப் விட்டுப்போன யானைகளையும் சாமான்களையும் ஒப்படைத்துவிட்டு, வென்றவர் பக்கம் சத்தியம் செய்தார். பெரியவர் மாறினால் ராஜதந்திரம். கூலிக்காரன் மாறினால் துரோகமா?

முடிவு என்ன? 1752-இல் சந்தா சாகிப் தலை போயிற்று. வென்ற முகமது அலி கம்பெனிக்கும் வெள்ளைக்கார லேவாதேவிக்காரர்களுக்கும் தீராத கடனாளி ஆனார். 1801-இல் கர்நாடக ராஜ்யம் முழுவதையும் கம்பெனி விழுங்கிற்று. ஐந்தே வருஷத்தில், 1806 ஜூலை 10 அன்று, பக்கத்து வேலூர்க் கோட்டையில் அதே கம்பெனியின் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள். புதுத் தலைப்பாகையைத் திணித்ததும் நெற்றிக் குறியைத் தடுத்ததும் நெருப்பு மூட்டின. கஞ்சித் தண்ணீர் விசுவாசம் எங்கே போயிற்று?

வேலூரில் சிப்பாய்கள் தோற்றார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். ஆனால் யாரைச் சுட வேண்டும் என்று மேலே இருப்பவர் சொன்னபடி சுட்டவர்கள், அன்று ஒரு நாள் தாங்களே யோசித்தார்கள். ஆரணியில் இரண்டு கொடிகளின் கீழ் நின்றவர்கள் அந்த யோசனையை 1751-இலேயே செய்திருந்தால்?

சாதியின் பேரால், மதத்தின் பேரால், ஊரின் பேரால் நம் கையில் தடியைக் கொடுத்து எதிர்ச் சேரிக்கு அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தடியை வாங்குமுன் மூன்று கேள்வி கேட்போம். பட்டம் யாருக்கு? சோறு யாருக்கு? கஞ்சித் தண்ணீர் யாருக்கு?