டயாலிசிஸ் இயந்திரம் எந்த ஊரில் நிற்க வேண்டும்? மேற்குப் பாலைவனப் பூர்வகுடிகளின் சிறுநீரக நீதிப் போராட்டம்

ஆஸ்திரேலியாவின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர், எந்தச் சிகிச்சைக்கு அரசு எவ்வளவு தொகை வழங்கும் என்பதற்கு ஒரு கட்டணப் பட்டியல் வைத்திருக்கிறது. 2018 நவம்பர் 1 அன்று அப்பட்டியலில் 13105 என்ற எண்ணோடு புதிய பிரிவொன்று சேர்ந்தது. மிகத் தொலைதூரப் பகுதி என வகைப்படுத்தப்பட்ட ஊர்களில் செவிலியரோ பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரோ மேற்பார்வையிடும் டயாலிசிஸுக்கு அரசு பணம் தரும் என்பதே அதன் சாரம். அலுவலகக் குறிப்புபோலத் தோன்றும் இச்சில வரிகளுக்குப் பின்னால், மேற்குப் பாலைவனத்தின் பிண்டுபி மக்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்திய போராட்டம் இருக்கிறது.

ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் பூர்வகுடிகளும் டோரஸ் நீரிணைத் தீவினரும் ஏறத்தாழ 3.8 விழுக்காடுதான். ஆனால் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து டயாலிசிஸை நம்பி வாழ்வோரில் அவர்களது பங்கு அதைவிடப் பல மடங்கு அதிகம். நோய் அவர்களை இளமையிலேயே பிடிக்கிறது. தொலைதூர ஊர்களில் நிலைமை இன்னும் கடுமை. டயாலிசிஸ் என்பது வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு அல்லது ஐந்து மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்திருப்பது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவரை வாழ்நாள் முழுதும் தொடர்வது. இயந்திரமோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் இருந்தது. பிண்டுபி மக்களின் கின்டோர் அங்கிருந்து மேற்கே சுமார் 530 கிலோமீட்டர். பாதையின் பெரும்பகுதி மண்சாலை. ஊரையும் உறவையும் நிரந்தரமாக விட்டு நகரத்தில் கிடப்பது, அல்லது சிகிச்சையை மறுத்துச் சொந்த மண்ணில் சாவது. இவ்விரண்டே அவர்கள் முன் இருந்தன.

ஊருக்குப் போய்ச் சில முறை டயாலிசிஸைத் தவறவிட்டுத் திரும்பியவர்களை மருத்துவ உலகம் 'சிகிச்சைக்கு ஒத்துழையாதவர்' என்று குறித்தது. வன்கொடுமை வழக்குகளை நடத்தும் நமக்கு இத்தகைய சொல் புதிதல்ல. ஊரின் மிரட்டலுக்கு நடுவே பாதுகாப்பின்றி விடப்பட்ட சாட்சியை நமது நீதிமன்றங்கள் 'பிறழ்சாட்சி' என்று எழுதிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடுகின்றன. அமைப்பு தன் கடமையைச் செய்யத் தவறியதை, பாதிக்கப்பட்டவரின் நடத்தைக் குறைபாடாகப் பதிவு செய்யும் வழக்கம் அங்கும் ஒன்றே, இங்கும் ஒன்றே.

பிண்டுபி மக்களுக்கு மண்ணைப் பிரிவது என்ன என்பதை அவர்களது வரலாற்றோடு சேர்த்தே புரிந்துகொள்ள முடியும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், வூமராவிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணைகளின் பாதையில் அவர்களது பாலைவனம் இருந்தது. அரசின் ரோந்து அணிகள் அவர்களை அழைத்துவந்து பப்புன்யா போன்ற குடியிருப்புகளில் சேர்த்தன. அங்கே நெருக்கடியிலும் நோயிலும் பலர் மடிந்தனர். 1981இல் அவர்கள் தாமாகவே மேற்கு நோக்கித் திரும்பிச் சென்று கின்டோரை அமைத்தனர். அப்படிப் போராடி மீட்ட ஊரிலிருந்து, இருபது ஆண்டுகள்கூட முடியாத நிலையில், சிறுநீரக நோய் அவர்களை மீண்டும் வெளியேற்றத் தொடங்கியது. வெளியேறியோர் பெரும்பாலும் முதியோர். சடங்குகளையும் நிலத்தின் சட்டத்தையும் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியவர்கள்.

ஊரிலேயே டயாலிசிஸ் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, செலவு அதிகம், பாதுகாப்பாக நடத்த இயலாது என்பதே அதிகாரிகளின் போக்காக இருந்தது. அம்மக்கள் தங்கள் கையில் இருந்ததை எடுத்தார்கள். 1972இல் தோன்றிய பப்புன்யா துலா ஓவியர் கூட்டுறவில் அவர்களில் பலர் உலகப் புகழ் பெற்ற ஓவியர்கள். கின்டோர் ஆண்கள், கின்டோர் பெண்கள், கிவிர்குரா ஆண்கள், கிவிர்குரா பெண்கள் என நான்கு குழுவினர் நான்கு பெரும் கூட்டோவியங்களை வரைந்தனர். 2000 நவம்பரில் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் நடந்த ஏலம், அவற்றையும் பிற படைப்புகளையும் விற்று 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தந்தது. அந்த நிதியிலிருந்து பூர்வகுடிகளே இயக்குநர்களாக இருக்கும் அமைப்பு உருவாகி, 2004இல் கின்டோரில் முதல் டயாலிசிஸ் நடந்தது. அமைப்பின் நீண்ட பிண்டுபிப் பெயருக்கு 'நம் குடும்பங்கள் அனைத்தையும் நலமாக்குதல்' என்று பொருள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உள்ள அதன் ஊதாநிற வீட்டால் 'பர்ப்பிள் ஹவுஸ்' என்றே அறியப்படுகிறது.

இவ்வமைப்பின் வேலைமுறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நகரத்தில் சிகிச்சையில் இருப்போர் அந்த ஊதா வீட்டுக்கு வந்து சமைக்கலாம், குளிக்கலாம், துணி துவைக்கலாம். வீட்டுவசதி, உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு உதவி பெறலாம். பாரம்பரிய வைத்தியர்களான நங்காரிகளுக்கும் அங்கே இடமுண்டு. மூலிகைத் தைலம் காய்ச்சி விற்பதில் நோயாளிகளுக்கே பங்குண்டு. 2011 முதல், டயாலிசிஸ் இயந்திரங்கள் பொருத்திய ஊதாநிற லாரி ஒன்று பாலைவனத்தில் ஓடுகிறது. ஊரில் நிலையம் இல்லாதவரும் இறுதிச்சடங்குக்கோ திருவிழாவுக்கோ சென்றுவர அது வழிசெய்கிறது. மருத்துவமனை நிர்வாகம் ஒன்று இறுதிச்சடங்கைச் சிகிச்சைத் திட்டத்தின் பகுதியாக எண்ணியிருக்குமா? நோயாளிகளின் உறவினரே நிர்வாகக் குழுவில் அமர்ந்ததால்தான் அது எண்ணப்பட்டது. 'சமூக ஆதரவு' என்னும் சொல்லைத் துண்டறிக்கை வழங்குவதோடும் விழிப்புணர்வு முகாமோடும் முடித்துக்கொள்வோர் கவனிக்க வேண்டியது இந்த அதிகாரப் பகிர்வைத்தான்.

சமூகத்தின் முயற்சி மட்டும் போதுமானதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிவிர்குரா மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வடக்குப் பிரதேசத்தில். 2009இல், இடம் போதவில்லை என்று கூறி, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் புதிய நோயாளிகளுக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் டயாலிசிஸ் வழங்க வடக்குப் பிரதேச அரசு மறுத்தது. கிவிர்குரா மக்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பெர்த் போன்ற நகரங்களே மிஞ்சின. வெள்ளை அரசுகள் வரைபடத்தில் இழுத்த ஒரு நேர்கோடு, அதன் இருபுறமும் உறவுகள் கொண்ட மக்களின் உயிரைத் தீர்மானித்தது. ஓவியம் விற்று இயந்திரம் வாங்கலாம். அரசுகளுக்கிடையே நிதிப் பொறுப்பு யாருடையது என்ற சண்டையை ஓவியம் விற்றுத் தீர்க்க முடியாது. 2018ஆம் ஆண்டின் 13105 என்ற எண் இதனால்தான் முக்கியமாகிறது. நன்கொடையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய மானியமும் தாங்கிய சிகிச்சை, அன்றுமுதல் ஒன்றிய அரசு கணக்கில் வைத்துத் தர வேண்டிய தொகையாயிற்று. பர்ப்பிள் ஹவுஸின் டயாலிசிஸ் இன்று 15க்கும் மேற்பட்ட தொலைதூர ஊர்களில் நடைபெறுகிறது.

இந்த வெற்றியைத் 'தன்னுதவிக்கு முன்மாதிரி' என்று கொண்டாடுவோரிடம் நமக்கு ஒரு கேள்வி உண்டு. சிட்னியின் வெள்ளையர் ஒருவர் தம் சிறுநீரகத்திற்காக எதை ஏலம் விட்டார்? பிற குடிமக்களுக்கு உரிமையாகக் கிடைப்பதை, ஒரு மக்கள் தம் மூதாதையர் கதைகளைக் கித்தானில் வரைந்து விற்றுப் பெற வேண்டியிருந்தது. உலகச் சந்தையில் விலைபோகும் ஓவியர்கள் இல்லாத பூர்வகுடி ஊர் என்ன செய்திருக்கும்?

கட்டணப் பிரிவின் எல்லைகளும் தெளிவானவை. அது நடந்து முடிந்த டயாலிசிஸுக்குத் தொகை தருகிறது. நிலையக் கட்டடமும் செவிலியர் தங்கும் வீடும் வேறு நிதிக்குக் காத்திருக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெறுவதற்கான காத்திருப்போர் பட்டியலில் சேரும் வாய்ப்பு பூர்வகுடி நோயாளிகளுக்கு இன்றும் மற்றவர்களைவிட மிகக் குறைவு. வடக்குப் பிரதேச நோயாளி அறுவைக்கு அடிலெய்டு செல்ல வேண்டும். மீண்டும் அதே தூரம், அதே பிரிவு.

அனைத்திற்கும் முன்பாக, சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்ற கேள்வி நிற்கிறது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் காரணங்கள் என்பதை எல்லோரும் அறிவர். நெரிசலான வீட்டில், குழாயும் குளியலறையும் பழுதாகிக் கிடக்கும்போது குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் சொறிசிரங்கும் காரணமே. அப்புண்களில் சேரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைத் தொடர்ந்து சிறுநீரக அழற்சி வருகிறது. அதன் சேதம் பல ஆண்டுகள் கழித்து, வளர்ந்த உடலில் வெளிப்படுகிறது. ஆகவே வீட்டுவசதி வழக்கு ஒருவகையில் சிறுநீரக வழக்கும் ஆகும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள சான்டா தெரேசாவில் 70 குடும்பங்கள், பழுதுபார்க்கப்படாத அரசு வீடுகளுக்காக 2016இல் வழக்குத் தொடுத்தன. அவ்வழக்கில் நோய் பற்றிய வாதம் மையமாக இல்லை. வீட்டு உரிமையாளராக அரசுக்கு உள்ள கடமையே பேசப்பட்டது. 2023 நவம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அக்கடமையை அரசு மீறியதால் குடியிருப்போர் அடையும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. மனுதாரர்களில் ஒரு பெண்மணி பின்கதவே இல்லாத வீட்டில் 68 மாதங்கள் வசித்தவர். அதற்காக அவருக்கு விதிக்கப்பட்ட தொகை 10,200 டாலர்.