பெட்டிக்கும் மதிப்பெண் கொடுங்கள்

பள்ளிகளில் நடக்கும் புத்தாக்கக் கண்காட்சிகளில் மாணவர்கள் தாங்களே செய்த ஆம்ப்ளிஃபையர்களை அடிக்கடி பார்க்கிறேன். பாட்டுக் கேட்கிறது, நீல விளக்கு மினுக்குகிறது, பரிசும் கிடைக்கிறது. ஆனால் அந்த மின்சுற்று எதற்குள் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்பார் இல்லை. காலணி அட்டைப்பெட்டி, ஒட்டுப்பலகைத் துண்டு, சில சமயம் வெறும் மேசை. என்னைக் கேட்டால் அந்தப் பெட்டிதான் பாதிப் பாடம். ஆங்கிலத்தில் சேசிஸ் என்பார்கள். அதற்கு மதிப்பெண் போடாத கண்காட்சி, பிள்ளைகளைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறது.

கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஒலியமைப்புச் செய்து தருவது என் தொழில். சனிக்கிழமைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சிலர் என் பட்டறைக்கு வருவார்கள். அவர்களோடு பழகியதில் எனக்கு ஏற்பட்ட கருத்து இது.

இன்று மின்சுற்று என்பது பெரிய காரியமே இல்லை. கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குப் போனால் செய்து முடித்த பலகையே கிடைக்கிறது. டிடிஏ 2030, எல்எம் 3886 போன்ற சில்லுகளுக்கான வரைபடத்தை அவற்றைத் தயாரித்த நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. மாணவர் செய்வது மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, ஒலிபெருக்கிக்கு இரண்டு கம்பி இணைப்பது. யோசித்த வேலையை வேறு யாரோ முடித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பலகையை எங்கே வைப்பது, சூடு எப்படி வெளியேறும், மின்கம்பி எந்தப் பக்கமாக நுழையும், மூடியைத் திறந்து பழுதுபார்க்க வழி உண்டா என்பதையெல்லாம் எந்த வரைபடமும் சொல்லாது. அங்கேதான் மாணவர் சொந்தமாக யோசிக்க இடம் இருக்கிறது.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். உலோகப் பெட்டிக்குள் அந்தக் கம்பி ஒன்று கழன்று பெட்டியைத் தொட்டால் என்ன ஆகும்? பெட்டி முறையாக எர்த் செய்யப்பட்டிருந்தால் பெரிய மின்னோட்டம் அந்த வழியே பாய்ந்து பியூஸ் எரிந்துவிடும். கதை அதோடு முடிந்தது. எர்த் இல்லையென்றால் எதுவுமே நடக்காது. பாட்டுக்கூட நிற்காமல் பாடும். பெட்டி மட்டும் 230 வோல்ட்டோடு யாராவது வந்து தொடட்டும் என்று காத்திருக்கும்.

ஆகவே பச்சையும் மஞ்சளும் கலந்த அந்தக் கம்பிக்குத் தனியாக ஒரு போல்ட் வேண்டும். வேறு எதையும் பிடிக்கிற போல்ட்டை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். அலுமினியத்துக்கு அழகாக நிறம் ஏற்றுகிறார்களே, அந்தப் படலமும் மின்சாரத்தைக் கடத்தாது, அதையும் சுரண்ட வேண்டும். பல்வைத்த வாஷர் போட்டு இறுக்க வேண்டும். எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும், யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் அது கடைசியாகத்தான் அறுபட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, சுவரில் செருகாமல், பிளக்கின் எர்த் முனைக்கும் பெட்டிக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். இத்தனையும் பெட்டி வேலைதான். மின்சுற்று வரைபடத்தில் இது ஒரு சின்னக் குறியீடு, அவ்வளவே.

அந்தக் காலத்து வால்வு வானொலிகளில் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேரே சுவர் மின்சாரத்தில் ஓடும் ரகம் ஒன்று இருந்தது. அதில் உலோகச் சேசிஸே மின்சாரத்தின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். அதனால் குமிழைப் பிடிக்கும் திருகுகூட விரலுக்கு எட்டாதபடி உள்ளே அமிழ்ந்திருக்கும், சிலவற்றில் அந்தத் துளையை மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். கேட்பவருக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருந்த காவல் அந்த மரப்பெட்டியும் பேக்கலைட் குமிழும்தான். பெட்டியை அலங்காரம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இரைச்சல். "அண்ணே, ம்ம்ம்னு ஒரு சத்தம் வந்துகிட்டே இருக்கு" என்று வராத மாணவர் கிடையாது. பலகை கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கிவிடுவார்கள். அதிலும் அதே சத்தம். குற்றம் பெரும்பாலும் பலகையில் இல்லை. பாட்டு உள்ளே வரும் கம்பி டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் படுத்திருக்கும், அல்லது ஒலிக் குமிழின் உலோக உடல் எதோடும் சேராமல் தனியாக நிற்கும். குமிழின் தண்டை விரலால் தொட்டதும் சத்தம் குறைந்தால் இந்த இரண்டாவதுதான் காரணம். மின்சாரம் ஒரு ஓரத்தில் நுழையட்டும், பாட்டு எதிர் ஓரத்தில் நுழையட்டும். இரண்டும் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவு அமைதி. இங்கே உலோகத்துக்கு உலோகம் குணம் மாறுவதையும் பார்க்கலாம். டிரான்ஸ்பார்மரிலிருந்து கசியும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை இரும்புத் தகடு ஓரளவு தடுத்து நிறுத்தும், அலுமினியம் நிறுத்தாது. ஆனால் சூட்டைக் கடத்துவதில் அலுமினியம் இரும்பைவிடப் பல மடங்கு மேல். எதற்கு எது என்று முடிவெடுப்பது இயற்பியல் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பது மாதிரி.

வளையல் வடிவ டிரான்ஸ்பார்மரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதன் நடுவே ஒரு நீண்ட போல்ட் போட்டுப் பெட்டியின் அடித்தகட்டோடு இறுக்குவார்கள். போல்ட் உயரமாக இருந்து மேல்மூடியையும் தொட்டுவிட்டால்? அடித்தகடு, பக்கச்சுவர், மூடி, போல்ட் எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஒரு முழுச் சுற்றாகிவிடும். கம்பிச் சுருளின் ஒரு சுற்றைக் குறுக்கே இணைத்தது போலத்தான். அதில் பயங்கரமான மின்னோட்டம் ஓடி டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். மூடி திறந்திருக்கும் வரை எல்லாம் சரியாக ஓடும், மூடியதும் எரியும். மின்காந்தத் தூண்டலைப் பற்றி எஸ்பிஎம் இயற்பியலில் பக்கம் பக்கமாக எழுதும் மாணவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார். போல்ட்டின் நீளத்தை அளந்து ஆக்சா பிளேடால் அறுத்த மாணவர் மறக்கவே மாட்டார்.

சூட்டிலும் இப்படி ஒரு பொறி உண்டு. டிடிஏ 2030 சில்லின் முதுகிலுள்ள உலோகம் உள்ளுக்குள் எதிர்மின் முனையோடு சேர்ந்தது. நேர், எதிர் இரண்டு மின்வழியும் உள்ள சுற்றில் அதை அப்படியே பெட்டியில் இறுக்கினால் ஷார்ட். நடுவே மைக்கா தகடு வேண்டும், திருகுக்கும் பிளாஸ்டிக் வாஷர் வேண்டும். அடியிலும் மேலேயும் துளை இல்லாத பெட்டிக்குள் காற்று ஏறி இறங்காது. அதற்காகக் குட்டிக் கால்கள் வைத்துப் பெட்டியைத் தரையிலிருந்து தூக்க வேண்டும்.

இதையெல்லாம் ஏன் பள்ளியில் செய்வதில்லை? முன்பு கெமாஹிரான் ஹிடுப் பாடத்தில் தகரக் கத்தரியைப் பிடித்த தலைமுறை எங்களுடையது. 2017இல் படிவம் ஒன்றிலிருந்து அந்த இடத்துக்கு ஆர்பிடி வந்தது. வடிவமைப்பைப் படிப்படியாகச் சிந்திக்க வைக்கும் நல்ல பாடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்த மாணவர்களின் செயல்திட்டங்கள் பெரும்பாலும் அட்டையிலும் பசையிலும் முடிந்துவிடுகின்றன. அட்டை மன்னிக்கும், உலோகம் மன்னிக்காது. அலுமினியத்தில் ஒரு மில்லிமீட்டர் தள்ளித் துளையிட்டால் குமிழ் கோணலாகத்தான் நிற்கும். அந்தக் கண்டிப்பு பிள்ளைகளுக்குத் தேவை.

இன்னொரு காரணம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. "இரும்பை ராவுறதுக்கா உன்னைப் படிக்க வைக்கிறோம்?" என்று ஒரு தகப்பனார் என் பட்டறை வாசலிலேயே நின்று மகனைக் கேட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கை காய்த்துப்போன பெற்றோர், பிள்ளையின் கை காயக்கூடாது என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் அரம் பிடிப்பது படிப்பு வராதவர் வேலை என்ற எண்ணத்தை நான் ஏற்க மாட்டேன். இதுவரை என் பட்டறையில் ஆகச் சுத்தமான பெட்டியைச் செய்தவர் படிவம் நான்கில் அறிவியல் பிரிவில் படிக்கும் ஒரு மாணவி. முன்தகட்டைத் தாளில் அசல் அளவில் வரைந்து, தகட்டில் ஒட்டி, சென்டர் பஞ்ச்சால் புள்ளி குத்தி, முதலில் 3 மில்லிமீட்டர் துளை, பிறகு ஸ்டெப் டிரில்லால் பெரிதாக்கினார். துளையிடும்போது கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டார், அலுமினியம் ஒட்டிக்கொள்ளாமல் வெட்டுப்பட அது உதவும். ஓரங்களை ராவி முடிக்க மட்டும் ஒரு முழு மாலை ஆனது. அவசரப்படவே இல்லை.

முப்பரிமாண அச்சுப் பொறி இருக்கும்போது அரம் எதற்கு என்று கேட்கலாம். அச்சிடுங்கள், நல்லதுதான். ஆனால் சாதாரணமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும், மின் இரைச்சலையும் தடுக்காது. கடையில் பெட்டி வாங்கலாமே என்றால், நல்ல அலுமினியப் பெட்டி பல நேரம் பலகையைவிட விலை கூடுதல். ஐம்பது வெள்ளிக்குப் புளூடூத் ஸ்பீக்கரே கிடைக்கிறதே என்பார் இன்னொருவர். பாட்டுக் கேட்க மட்டும்தான் ஆசை என்றால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை.

செய்ய விரும்பும் மாணவர்கள் முதலில் சுவர் மின்சாரத்தைத் தொட வேண்டாம். டிபிஏ 3116 சில்லுள்ள பலகையைப் பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரில் ஓட்டலாம். ஆபத்தான பகுதி அடாப்டருக்குள் மூடிக் கிடக்கும். பெட்டிக்கு பிஸ்கட் டின்னே போதும். டின்னைக் கேலி செய்யாதீர்கள், உள்ளே இருப்பது இரும்பு, இரைச்சலையும் தடுக்கும், ஈயமும் ஒட்டும். துளை ஓரம் கத்தி மாதிரி இருக்கும் என்பதால் ரப்பர் குரோமெட் போடாமல் கம்பியை நுழைக்கக்கூடாது. இரண்டாவது பெட்டிக்கு, அலுமினிய ஜன்னல் செய்யும் கடைகளில் மிச்சத் துண்டுகளைக் கேளுங்கள். எல் வடிவச் சட்டம் நான்கும் 2 மில்லிமீட்டர் தகடும் கிடைத்தால் வளைக்கும் வேலையே இல்லாமல் பெட்டி கட்டிவிடலாம். டிரான்ஸ்பார்மர் உள்ள மூன்றாவது பெட்டியை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நூறு மதிப்பெண்ணில் முப்பதைப் பெட்டிக்கு ஒதுக்குங்கள். எர்த், சூடு, கம்பி செல்லும் பாதை, பழுதுபார்க்கும் வசதி ஆகிய நான்கையும் மாணவர் மூடியைத் திறந்து விளக்கட்டும். சுவர் மின்சாரம் வெளியே தெரிகிற எந்தப் படைப்பையும், அது எவ்வளவு நன்றாகப் பாடினாலும், கண்காட்சி மேசையில் ஏற்றாதீர்கள். நடுவர்கள் கையில் ஒரு ஸ்குரூடிரைவரும் மல்டிமீட்டரும் இருந்தால் ஒரு படைப்பைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும்.