தாத்தாவின் ஆயுள் சாட்சியாகாது

"தாத்தா பீடி குடித்தே தொண்ணூறு வரை வாழ்ந்தார், சாசேஜ் தின்றால் புற்றுநோய் வந்துவிடுமா?" என்ற வாதத்தை ஏற்கவே முடியாது. பிழைத்த தாத்தாவைத்தான் குடும்பம் கொண்டாடுகிறது. நாற்பதில் போய்ச் சேர்ந்த பெரியப்பாவை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. சிகரெட்டும் அதே பட்டியலில் இருப்பதால் இரண்டும் சமமாகிவிடாது. சான்றின் உறுதிதான் ஒன்று, ஆபத்தின் அளவு வேறு. சாசேஜ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பொடி எழுத்தில் சோடியம் நைட்ரைட் என்று இருக்கும். அது உடலுக்குள் நைட்ரோசோ சேர்மங்கள் உருவாக வழிசெய்கிறது. அவை குடல் செல்களின் மரபணுவைச் சேதப்படுத்தக்கூடியவை.

"எல்லாம் விதி" என்பதும் தவறு. புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் தடுக்கக்கூடியவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. புகையிலை, பாக்கு, மது மூன்றையும் விடுங்கள், தினமும் நடங்கள், எடையைக் கட்டுக்குள் வையுங்கள், சாசேஜை எப்போதாவது தொடும் பண்டமாக்குங்கள். இவை எதுவும் முழு உத்தரவாதம் தராது. ஆனால் குறைக்க முடிந்த ஆபத்தை விதியின் தலையில் கட்டுவது பொறுப்பின்மை.