எத்தனை மணி நேரம் ஓடும்?

'வெண்பா' கேம் 2023 ஜூலை 31 அன்று வெளியானது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் என்று எதில் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்து ஆடலாம். செய்தது டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்கிற சின்னக் குழு. கதை 1988இல் தொடங்குகிறது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தம்பதி, அவர்களுக்குப் பிறக்கும் பையன், அம்மாவிடமிருந்து வந்த அழிந்தும் கிழிந்தும் போன ஒரு சமையல் நோட்டு. விலை ஏறத்தாழ 15 டாலர். சாவகாசமாக ஆடினாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதற்கு வந்த ரிவ்யூக்களில் நல்லவை சில உண்டு. மிச்சத்தை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். முதல் கட்சி சொன்னது: "நல்லாத்தான் இருக்கு, ஆனா இத்தனூண்டு கேமுக்கு 15 டாலரா?" இரண்டாவது கட்சி நம்மாட்கள்: "நம்ம இட்லி வீடியோ கேம்ல வந்துடுச்சு மக்களே!" ஒரு கட்சி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கட்சி மார் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் நிறுத்தி, "சரி, அந்தக் கேம்ல உன் கை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டால் பதில் இருக்காது.

என் சண்டை இந்த இரண்டு கட்சியோடும்தான். முதலில் கடிகாரக் கட்சி.

இந்த வியாதி புதிதல்ல. 2008 ஆகஸ்டில் ஜொனாதன் ப்ளோவின் 'பிரெய்ட்' எக்ஸ்பாக்ஸ் 360இன் டவுன்லோட் கடையில் வந்தபோது பெரிய பஞ்சாயத்து நடந்தது. பஞ்சாயத்து கேமைப் பற்றி அல்ல, விலையைப் பற்றி. அந்தக் கடையில் அப்போது பாயிண்ட் கணக்கு. 80 பாயிண்ட் ஒரு டாலர். பல கேம்கள் 400க்கும் 800க்கும் விற்ற இடத்தில் 'பிரெய்ட்' 1200 பாயிண்ட், அதாவது 15 டாலர். "டவுன்லோட் கேமுக்கு இவ்வளவா?" என்றார்கள். இரண்டு வருடம் கழித்து டென்மார்க்கின் பிளேடெட் குழு செய்த 'லிம்போ' அதே விலைக்கு அதே கடையில் வந்தது. மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுபடி அதே புலம்பல்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? டப்பாவில் போட்டு 60 டாலருக்கு விற்ற பெரிய கேம்களிடமிருந்து. அங்கே கிராஃபிக்ஸ், சவுண்ட், எத்தனை மணி நேரம், மறுபடி ஆடலாமா என்று தனித்தனியாக மார்க் போட்டுக் கூட்டி வகுத்து ஒரு எண்ணைத் தருவார்கள். வாஷிங் மெஷின் வாங்குகிறவனுக்கு அது உதவும். அதே தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு பேர் நாலு வருடம் உட்கார்ந்து செய்த ஒரு சின்ன விஷயத்தை நிறுத்தால், முள் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. புதுக்கவிதை வந்தபோது "யாப்பு எங்கே?" என்று கேட்டார்கள் இல்லையா, அதேதான் இது. அந்தக் கேள்விக்கு மல்லுக்கட்டிப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்தார். கவிதைகளைப் போட்டதோடு நிற்காமல், அவற்றை எப்படிப் படிப்பது என்று வரி வரியாகப் பிரித்துக் காட்டும் விமர்சனத்தையும் போட்டார்கள். கவிதையோடு சேர்த்து அதற்கான வாசகனையும் உண்டாக்கினார்கள். மௌனி மொத்தமே இரண்டு டஜன் கதைகள்தான் எழுதினார். பக்கக் கணக்குப் பார்த்திருந்தால் அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. குறள் ஏழு சீர். அதுவும் வெண்பாதான். "ஏழு சீருக்கு இந்த விலையா?" என்று யாராவது கேட்டால் சிரிப்போம். கேம் என்று வந்துவிட்டால் மட்டும் அதே வாசகன் ஸ்டாப்வாட்சை எடுக்கிறான்.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது? சினிமா விமர்சனத்தில் கேமராவையும் வெட்டையும் பேசுகிறோம். கேமில் பேச வேண்டியது கையை. பட்டனை அழுத்துகிறோம், ஏதோ நடக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கேம் என்ன சொல்கிறதோ அது இருக்கிறது.

'பிரெய்ட்'டில் ஒரு பட்டனை அழுத்தினால் நேரம் பின்னோக்கி ஓடும். செத்துப்போனால் பின்னால் போய்ச் சரிசெய்துகொள்ளலாம். கேம் முழுக்க இந்த வசதிக்குக் கை பழகிவிடும். கடைசிக் கட்டத்தில் ஒரு முரடனிடமிருந்து இளவரசி தப்பி ஓட, நாமும் அவளும் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டு ஓடுவதுபோல் தெரியும். அங்கே நேரத்தைத் திருப்ப வேண்டி வரும். திருப்பினால், அவள் நம்மிடமிருந்துதான் தப்பி ஓடிக்கொண்டிருந்தாள் என்று தெரியும். தப்பையெல்லாம் அழித்துவிட முடியும் என்று நம்பிப் பட்டனை அழுத்திய அதே விரல்தான் இதையும் திறந்து காட்டுகிறது. இதைச் சொல்லாமல் "கிராஃபிக்ஸ் ஓவியம் மாதிரி இருக்கு, 5 மணி நேரம் ஓடும்" என்று எழுதுவதற்குப் பெயர் ரிவ்யூவா?

2012இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்த 'ஜர்னி' இரண்டு மணி நேரக் கேம். பாலைவனத்தில் நடந்துகொண்டிருக்கும்போது முகம் தெரியாத இன்னொருவர் கூட வருவார். உலகத்தில் எங்கேயோ உட்கார்ந்து ஆடும் ஒரு நிஜ ஆள். பேச முடியாது, எழுத முடியாது. ஒரு பட்டனை அழுத்தினால் சின்னதாக ஒரு ஓசை வரும், அவ்வளவுதான். செய்துபார்த்த ஆரம்ப நாட்களில் ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் பள்ளத்தில் தள்ளிவிட்டு விளையாடினார்களாம். அதனால் தள்ளுவதற்கு வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள். பக்கத்தில் வந்து தொட்டால் இருவருக்கும் பறக்கும் சக்தி கூடும் என்று வைத்தார்கள். மனிதர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற கேள்விக்கு அந்தக் குழு கொடுத்த பதில் இந்த ஒரு விதிதான். இரண்டு நாவல் பேச வேண்டியது. நாம் இரண்டு வரிகூட எழுதவில்லை.

இப்போது 'வெண்பா'வுக்கும் நம்ம கட்சிக்கும் வருகிறேன். முதல் சமையல் இட்லி. நோட்டில் பாதி எழுத்து அழிந்திருக்கிறது. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தட்டின் குழி இன்னொரு தட்டின் குழிக்கு நேர் மேலே வரக் கூடாது, ஆவி மேலே போக வழி வேண்டும். இது வெள்ளைக்காரருக்குப் புதிர். நமக்குப் புதிரே இல்லை. அம்மா ஆயிரம் தடவை செய்ததைப் பார்த்த கண், யோசிக்காமல் அடுக்கிவிடுகிறது. அதாவது ஒரே கேம், ஆடுகிறவர் யார் என்பதைப் பொறுத்து இரண்டு கேம் ஆகிறது. பிறகு பையன் கவின் வளர்ந்து, அரைகுறைத் தமிழோடு அம்மாவின் குறிப்பை வைத்துத் தனியாகச் சமைக்கப் பார்க்கும் இடம் வருகிறது. நமக்குச் சுலபமாகத் தெரிவது அவனுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம் என்று அங்கே உறைக்கிறது. ஒரு தலைமுறைக்குள் தொலைந்தது என்ன என்பதைக் கேம் வசனமாகச் சொல்லவில்லை, கையில் கொடுக்கிறது. தமிழ் தெரிந்த ஒரு விமர்சகன்தான் இதை உலகத்துக்கு எழுதியிருக்க முடியும். நாம் "பெருமையா இருக்கு" என்று ஷேர் செய்துவிட்டுத் தூங்கப் போனோம்.

குறையையும் அவனேதான் எழுதியிருக்க வேண்டும். சமையலில் என்ன தப்புச் செய்தாலும் ஒன்றும் ஆகாது, மறுபடி செய்யலாம். சரி, சமையலறை அன்பான இடம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் படித்த படிப்புக்கு வேலை கிடைக்காத கவலையும், பையன் தள்ளிப் போவதும் நாம் படித்துக் கடக்கும் வசனமாக மட்டும் வருகின்றன. எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை அதன் பாட்டுக்குப் போகிறது. குடிபெயர்ந்த வாழ்க்கையில் கை நடுங்கும் இடங்களில் கைக்கு வேலையே இல்லை. எனக்கு இது பெரிய குறை. 2024இல் இதே கேம் பாஃப்டாவில் சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருதை வாங்கியதால் அந்தக் குறை இல்லாமல் போய்விடாது. விருது வாங்கிய பிள்ளையைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள், அதைப் பிள்ளையாகத்தான் பார்க்கிறார்கள், படைப்பாகப் பார்க்கவில்லை.

"ப்ரோ, உங்களுக்குக் காசு இருக்கு, பேசுறீங்க" என்பீர்கள். நியாயம். 15 டாலர் என்றால் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல். ஒரு மாதச் செலவில் துண்டு விழும். ஆகவே விலையையும் நேரத்தையும் எழுதுங்கள். கட்டுரையின் தலையில் ஒரு வரியில் எழுதுங்கள். புத்தக மதிப்புரையில் பக்கமும் விலையும் போடுகிறோம் இல்லையா, அதுபோல. ஆனால் 'வெண்பா' வெளியான அன்றே கேம் பாஸ் சந்தாவிலும் இருந்தது. சந்தா கட்டியவனுக்கு அது தனிச் செலவே இல்லை. அவனிடம் உங்கள் டாலர் கணக்கு என்ன சொல்லும்? கேம் மாறவில்லை, உங்கள் தீர்ப்பு மட்டும் மாறும் என்றால் அது எதைப் பற்றிய தீர்ப்பு? இன்னொன்றும் உண்டு. நேரத்தை மெச்சிக்கொண்டே இருந்தால் செய்கிறவர்களும் நேரத்தைத்தான் விற்பார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டியதில் நூறு இறகு பொறுக்கு, ஐம்பது பெட்டி திற என்று தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போது "ரொம்ப இழுக்குது" என்று எழுதப்போவதும் நாம்தான்.

கடைசியாக ஒன்று. டவுன்லோட் கேம் அலமாரியில் இருக்காது. வீயின் கடையை 2019 ஜனவரியில் மூடினார்கள். 3டிஎஸ், வீ யூ கடைகளில் 2023 மார்ச்சில் விற்பனை நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடியது. 'ஸ்காட் பில்கிரிம்' கேம் 2014 கடைசியில் விற்பனையிலிருந்து காணாமல் போய், 2021 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. அது கொடுத்துவைத்தது. மூடிய கடையில் மட்டும் விற்றவற்றை இனிமேல் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. பழைய புத்தகக் கடையில் எதேச்சையாகக் கையில் சிக்கவும் சிக்காது. அவற்றைப் பற்றி யாரோ எழுதியதுதான் மிச்சம்.

அங்கே போய்ப் பார்த்தால் "4 மணி நேரம், 10க்கு 7" என்று இருக்கிறது.

அடுத்த கேமை ஆடி முடித்ததும் நீங்கள் எழுதுங்கள். உங்கள் கை என்ன செய்தது, எங்கே தயங்கியது, ஏன் தயங்கியது என்று எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் திட்டுங்கள், தப்பே இல்லை. ஆடிய ஆளாகத் திட்டுங்கள்.