கெமராவுக்கும் பூட்டு வேண்டும்

கடையைப் பூட்டினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நமது வியாபாரிகள் வீடு செல்வார்கள். ஆனால் கடைக்குள் இருக்கும் கெமரா பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

தெமோதரை, எல்ல பக்கத்தில் இன்று சிறு கடைகளிலும் உல்லாசப் பயணிகள் தங்கும் வீடுகளிலும் கெமரா பொருத்துகிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் கம்பனி போட்டு அனுப்பிய கடவுச்சொல்லையே பலர் தொடர்ந்து பாவிப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரே ரகக் கெமரா ஆயிரக்கணக்கில் விற்பனையாகிறது. அத்தனைக்கும் ஒரே திறப்பு என்றால் அது பூட்டா?

இதன் விளைவை 2016இல் உலகம் கண்டது. ‘மிராய்’ என்ற தீய மென்பொருள், இப்படியான 60க்கும் மேற்பட்ட கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தே இலட்சக்கணக்கான கெமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்களுக்குள் புகுந்தது. அவ்வருடம் ஒக்டோபர் 21ஆம் திகதி அவற்றைக் கொண்டு அமெரிக்காவின் ‘டின்’ நிறுவனம் தாக்கப்பட்டது. டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் மணிக்கணக்கில் தடைப்பட்டன. கெமராவின் சொந்தக்காரர்களுக்கோ பெரும்பாலும் எதுவுமே தெரியவில்லை. தெமோதரை ரயில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் பாதை செல்கிறது. மேடையில் நிற்பவர் கண்ணுக்கு அது படுவதில்லை. இதுவும் அப்படித்தான்.

பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், இவ்வாறு எல்லாவற்றுக்கும் பொதுவான கடவுச்சொல்லுடன் வீட்டுச் சாதனங்களை விற்பது சட்டவிரோதம். நாம் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பொருத்துபவரின் வேலை என்று விட்டுவிடவும் கூடாது. கல்லாப்பெட்டியின் திறப்பை எவரும் கடை கட்டிய மேசனிடம் விட்டுவைப்பதில்லையே!

செய்ய வேண்டியவை சிலவே. கெமராவுக்கும் ரவுட்டருக்கும் வெவ்வேறு புதிய கடவுச்சொற்களை நீங்களே போடுங்கள். கம்பனி வெளியிடும் மென்பொருள் திருத்தங்களை ஏற்றுங்கள். வெளியிலிருந்து பார்க்கும் வசதி தேவையில்லையெனில் நிறுத்திவிடுங்கள்.

அறைகளை வாடகைக்கு விடுவோருக்கு இன்னுமொன்று. வைஃபை கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டி வைக்கிறீர்கள். நாளொரு விருந்தாளி வந்து போகிறார். அதே இணைப்பில்தான் உங்கள் கெமராவும் கணக்குப் பார்க்கும் கணினியும் இருக்கின்றன. பல ரவுட்டர்களில் விருந்தாளிகளுக்கெனத் தனி இணைப்பு கொடுக்கும் வசதி உண்டு. அதற்கு மேலதிகச் செலவில்லை.

கள்வனைப் பிடிக்க வாங்கிய கெமரா, நம் வீட்டாரையும் வாடிக்கையாளரையும் ஊரார் பார்க்கும் சாளரமாகிவிடக் கூடாது. ஆகவே, பொருத்துபவருக்குக் கூலி கொடுக்குமுன் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.